குழாய் பார்க்காத கைகள்

எங்கள் வீட்டில் கெட்டிக்காரி யார் என்று கேட்டால் நான் கொஞ்சமும் கூச்சப்படாமல் என்னைத்தான் சொல்வேன். நான்கு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் நாத்தனாரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

நாத்தனார் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை "இவளே" என்று கூப்பிடுவார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பிஸ்கட் ஃபாக்டரியில் ஒரே வரிசையில் எதிரெதிரே நின்று பாக்கெட் போடுகிறோம். அந்த வரிசையில் இருக்கும் பதினான்கு பேருக்கு நான் லீடர். அதாவது அண்ணிக்கும் நான்தான் லீடர். இதை அவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. சுத்தம் என்று வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. கடையில் வாங்கிய புது சோப்பைக்கூட ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் தேய்ப்பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஃபாக்டரியில் நாங்கள் நூற்றிருபது பேர். அதில் நாற்பது பேர் எங்கள் ஆட்கள், நல்ல கறுப்பு. மீதி எண்பது பேரும் வெளுப்பு. எங்கள் அப்பா அம்மா காலத்திலேயே இங்கே வந்தாயிற்று. நாங்கள் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனாலும் "உங்களுக்கு எந்த ஊரு?" என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை. பக்கத்துத் தெரு என்று சொன்னால், "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அதற்கு முன்னால் நான் என் அம்மாவின் வயிற்றில் இருந்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்பு வேலைக்கூடத்தின் வாசலில் ஆறு புதுக் குழாய்கள் வைத்தார்கள். திருகவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். கையை நீட்டினால் குழாயே பார்த்துக்கொள்ளும். சோப்பு விழும், தண்ணீர் விழும், பச்சை விளக்கு எரியும், பக்கத்துக் கதவு திறக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைப் படித்து, யார் எத்தனை தடவை கை கழுவினார்கள் என்றும் கணக்கு வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அது சாப்பாட்டு அறைச் சுவரில் பட்டியலாக ஒட்டப்படும்.

முதல் நாள் நான் கையை நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பினேன், ஆட்டினேன், கும்பிடு போடாத குறைதான். பக்கத்துக் குழாயில் ஒரு வெளுத்த பெண் விரலைக் காட்டியவுடன் தண்ணீர் கொட்டியது. அண்ணிக்கும் வரவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் போய் சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் வந்து தன் கையை நீட்டினார். சரக்கென்று தண்ணீர் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு? கையை ஒழுங்கா காட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதோடு சரி. இரண்டாவது தடவை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது? உங்கள் குழாய்க்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றா? முற்றத்துக் குழாயில் கழுவிவிட்டு, வேறு யாருக்காவது கதவு திறக்கும்போது கூடவே நுழைந்துகொண்டோம். அந்த மாதம் ஒட்டிய பட்டியலில் கடைசி நாற்பது பெயரும் எங்களுடையவை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜைகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஜன்னல் பக்கம் அவர்கள், கதவுப் பக்கம் நாங்கள் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஒரு வெள்ளைக் கைக்குட்டையை உள்ளங்கையில் விரித்துக் குழாய்க்குக் கீழே நீட்டினேன். தண்ணீர் கொட்டியது. கைக்குட்டையைச் சட்டென்று சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு, விழுகிற தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனேன். அன்று மத்தியானத்துக்குள் நாற்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எங்கள் ஆட்களில் யாராவது புதிதாக வேலைக்கு வந்தால், முதல் நாள் அவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது மூன்று விஷயம்: கழிப்பறை எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, கைக்குட்டை எப்படி.

பட்டியலில் மேலே ஏறிவிட்டோம். அண்ணி இரண்டு மாதம் முதலிடத்தில்கூட இருந்தார். ஆனால் மேஜைகள் திரும்ப நகரவில்லை. எண் மாறினால் பேச்சும் மாறிவிடும் என்று நினைத்த அந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

இந்த வருஷம் யாரோ ஒருவர் கடையில் பிஸ்கட் வாங்கிப் பிரித்திருக்கிறார். உள்ளே ஒரு வெள்ளை நூல் இருந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பிவிட்டார். மேனேஜர் பதறிப்போய் அந்தப் பாக்கெட் எந்த வரிசை என்று பார்த்தார். மூன்றாவது வரிசை, எங்களுடையது. உள்ளே துணி எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி, எங்கள் சீருடைக்குப் பைகூடக் கிடையாது. வாசல் காமிராவைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பவர் எப்போதும் அண்ணிதான். படத்தில் அண்ணி வருகிறார், கைக்குட்டையை நீட்டுகிறார், பச்சை விளக்கு எரிகிறது. பிறகு அவர் குனிந்து அரை நிமிஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை அவருடைய முதுகே மறைத்துவிட்டது. அடுத்து உள்ளே போகிறார்.

கை கழுவாமல் குழாயை ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் இரண்டு நிமிஷம் படத்தை ஓட்டியிருந்தால் நானே அதே மாதிரி கைக்குட்டையோடு வந்திருப்பேன். ஓட்டவில்லை. தேடியது கிடைத்துவிட்ட பிறகு யார் தேடுவார்கள்?

மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் அண்ணியின் பெயரைப் போட்டு, 'கைசுத்த விதியை மீறியதற்காக' என்று ஒட்டிவிட்டார்கள். ஜன்னல் பக்கத்து மேஜையில் ஒரு பெண் இருக்கிறாள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதால் எல்லாரும் அவளை டேப் என்றே கூப்பிடுவோம். அவள் அதைப் படித்துவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்று என் காது கேட்கவே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் வாயிலேயே டேப் ஒட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அண்ணி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: 'கை கழுவாமல் வேலை செய்தேன், தவறை ஒப்புக்கொள்கிறேன்.' போட்டால் நல்லபடியாக விலகியதாக ஒரு கடிதம் தருவார்கள். போடாவிட்டால் நீக்கிவிடுவார்கள். வேறு எந்த ஃபாக்டரிக்குப் போனாலும் காரணம் கேட்டு எழுதுவார்கள், காரணம் போய்ச் சேரும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கூடினோம்.

"நாமளும் அதைத்தான் செய்யறோம்னு போய்ச் சொன்னா நாப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார் ஒருவர்.

"ஒருத்தரோட போகட்டும். பாவம்தான், ஆனா என்ன பண்றது?" என்றாள் இன்னொருத்தி. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கெட்டவள் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. யோசனை என்னுடையது, அடி அண்ணிக்கு. நான் போய் என் லீடர் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் கணவர் தன் பங்குக்கு, "அக்கா, ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வந்துடு. வேற வேலை பார்த்துக்கலாம்" என்றார்.

அண்ணி அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே துடைத்த மேடைதான்.

"வேலை போனா போகட்டும்டா. நான் அழுக்குன்னு நானே எழுதித் தரணுமா? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நான் அவரோடு போட்ட சண்டைக்குக் கணக்கே கிடையாது. அவர் அழுது பார்த்ததில்லை.

மறுநாள் காலை விசாரணை அறையில் மேனேஜர், அலுவலகத்து அம்மா ஒருவர், குழாய்களைப் போட்ட மெக்கானிக் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அண்ணி. வரிசை லீடர் என்பதால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. யாரிடமும் கத்தமாட்டார், வயசில் பெரியவர்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார். அன்றும் மரியாதையாகத்தான் தாளை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"இதைப் பெரிசு படுத்த வேணாம்மா. உங்க ஆளுங்க வீட்டுப் பழக்கம் வேற மாதிரி இருக்கும், எனக்குப் புரியுது. இங்க சாப்பாட்டுச் சாமான் செய்யறோம். அதான் கொஞ்சம் கண்டிப்பா இருக்க வேண்டியிருக்கு" என்றார்.

உங்க ஆளுங்க வீட்டுப் பழக்கம். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனிவாகச் சொன்னார். சோப்பையே கழுவுகிற ஒரு மனுஷியைப் பார்த்துச் சொன்னார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. லீடர் வேலையும் போச்சு, நாற்பது பேரும் போச்சு, எது போனாலும் போகட்டும் என்று எழுந்துவிட்டேன்.

"சார், அந்தக் கைக்குட்டை என்னோட யோசனை. நாலு வருஷமா நாங்க நாப்பது பேரும் அதைத்தான் காட்டறோம். உங்க குழாய் எங்க கையைப் பார்க்காது. வெள்ளையா எதையாவது காட்டினாத்தான் தண்ணி விடும். அந்தத் தண்ணியிலதான் கை கழுவறோம்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "அது மெஷின்மா. அதுக்கு என்ன கறுப்பு, வெளுப்பு தெரியும்?"

அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "விசாரணையை இங்க எதுக்கு வச்சிருக்கீங்க? அங்க வாங்க" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, விடுவிடுவென்று நடந்தார். வேறு வழியில்லாமல் நாங்களும் பின்னாலேயே போனோம்.

தேநீர் இடைவேளை ஆரம்பித்திருந்தது. வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். அண்ணி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு முதல் குழாய்க்குக் கீழே இரண்டு கையையும் நீட்டினார். தண்ணீர் வரவில்லை.

"கொஞ்சம் கீழே பிடிங்க" என்றார் மேனேஜர். கீழே பிடித்தார். வரவில்லை. "இந்தக் குழாய் ரிப்பேரா இருக்கும்." இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய், ஆறாவது வரைக்கும் நடந்தார். ஒவ்வொன்றிலும் நிதானமாகப் பத்து எண்ணினார், வாய்விட்டு எண்ணினார். ஒரு சொட்டு விழவில்லை.

"இப்ப நீங்க" என்றார் அண்ணி.

மேனேஜர் கையை நீட்டினார். தண்ணீர் அவருடைய சட்டையின் நுனி வரை தெறித்தது. முகத்தில் ஈயாடவில்லை. அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"நீ போட்டப்போ சரி பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் சார். என் கையை வச்சுத்தான் பார்த்தேன்." மெக்கானிக்கும் வெளுப்புதான். பொய் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர், திருகாணி ஒன்று குறைந்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது. வேறு ஒரு கையை வைத்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவரே தலையைச் சொறிந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார்: "சார், ஒரு விஷயம். கோகோ ரூம்ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு."

ஓடிப்போய் ரிப்பேர் நோட்டை எடுத்து வந்தார். நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம். கோகோ கலக்குகிறவர் ஒரே ஒரு தடவை, ஒரு வரி சொல்லியிருக்கிறார்: 'கையில் கோகோ படிந்திருந்தால் குழாய் வேலை செய்யவில்லை.' அதற்குக் கீழே மெக்கானிக்கின் எழுத்து: 'சென்சார் கறுப்பு நிறத்தைப் பார்ப்பதில்லை. காலால் மிதிக்கும் குழாய் மாற்றப்பட்டது.' புகார் கொடுத்த ஆறாவது நாள் தேதி. அதற்குக் கீழே மேனேஜரின் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி அழகாக.

மெக்கானிக் அதை வாய்விட்டுப் படித்தார். கோகோ கலக்குகிறவரும் அங்கேதான் நின்றார், வெளுத்த, உயரமான மனிதர். "நான் சும்மாதான் சொன்னேன். உடனே மாத்திட்டாங்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அவர் குரல்.

ஒருவர் கையில் ஒட்டிய கறுப்புக்கு ஆறே நாளில் வழி பிறந்தது. அந்தக் கறுப்பு கழுவினால் போய்விடும். போகாத கறுப்பை வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு வருஷம் கைக்குட்டை நீட்டினோம். சொன்ன ஒருவரையும் நம்பவில்லை. நாங்களும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குழாய்களை அங்கே காப்பாற்றி வைத்திருக்கின்றன.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நடவடிக்கை எல்லாம் ரத்து. தப்பு நடந்துபோச்சு. ஆபீஸுக்கு வாங்க, கடிதம் தரேன். போய் வேலையைப் பாருங்க."

விட்டால் போதும் என்று நான் இருந்தேன். அண்ணி நகரவில்லை.

"என் பேரை எங்க ஒட்டினீங்க? ஆபீஸ்லயா?"

"இல்ல, சாப்பாட்டு ரூம்ல..."

"நூத்தி இருவது பேர் படிச்சாங்க. தப்பு உங்களோடதுன்னு அதே சுவத்துல ஒட்டுங்க. அந்தக் கை கழுவுற பட்டியலைக் கிழிங்க. குழாயை மாத்துங்க. மூணும் நடக்கட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கறேன்."

தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும், நாளாகும், எழுத்தில் தப்பென்று ஒப்புக்கொண்டால் சிக்கல் வரும் என்று மேனேஜர் என்னென்னவோ சொன்னார். குழாயை வேண்டுமானால் அடுத்த வருஷத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றார். கோகோ அறைக்கு ஆறு நாள், எங்களுக்கு அடுத்த வருஷம்!

அன்று சாயங்காலம் அதே பஸ் நிறுத்தத்தில் நாற்பது பேரும் நின்றோம். "ஒருத்தரோட போகட்டும்" என்றவள்தான் முதலில் தன் கைக்குட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை நாங்கள் யாரும் வாசல் குழாய்ப் பக்கம் போகவில்லை. லாரியில் பெட்டி ஏற்றும் முற்றத்தில், கையால் திருகும் பழைய குழாய் ஒன்று உண்டு. சோப்புக் கட்டியோடு அண்ணி முதலில் நின்றார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் அவசரப்படாமல், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினோம். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? பெல்ட் ஓட ஆரம்பிச்சிடுச்சு!"

"கை கழுவாம உள்ள போகலாமா சார்? விதி இருக்கே" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த குஷி இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

ஒரு குழாய், நாற்பது பேர். வரிசை நகர்வதாயில்லை. வெளுத்தவர்கள் வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்தது டேப். நேராக அண்ணியிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் நாலு வருஷமா உங்க பக்கத்துல சாப்பாட்டை வச்சதில்ல. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அப்படிப் பண்ணேன். தப்பு."

அண்ணி கையை உதறிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டியல் வர்றதுக்கு முன்னாடி வச்சியா?"

டேப் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நிஜமாகவே யோசித்தாள். கண் கலங்கிவிட்டது.

"இல்ல" என்றாள்.

"அப்போ பட்டியல் மேல பழியைப் போடாத. நெனப்பு முன்னாடியே இருந்திருக்கு. பட்டியல் அதுக்கு ஆமாம் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

"ஆமாக்கா. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. நான் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல."

"இப்ப கேட்டியா?"

"இப்பதான் கேக்கறேன்."

"சரி, வரிசையில நில்லு. கடைசியில போய் நில்லு, நடுவுல புகாத" என்றார் அண்ணி.

அவள் கடைசியில் போய் நின்றாள். பிறகு கோகோ கலக்குகிறவர் வந்தார். இத்தனைக்கும் அவருக்குத் தனிக் குழாய் இருக்கிறது. பிறகு மெக்கானிக். பிறகு நான்கைந்து பேராக, எட்டுப் பத்துப் பேராக வந்தார்கள். இவர்கள் எல்லாருமே ஒரே மாதிரிதான் என்று நான் நான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த பேச்சை அன்று முற்றத்திலேயே விழுங்க வேண்டியதாயிற்று. எல்லாரும் வந்தார்கள் என்று கதை விட மாட்டேன். இருபது பேர் வரை வாசலிலேயே நின்று முணுமுணுத்தார்கள், இதெல்லாம் ரொம்ப ஓவர் என்றார்கள். அவர்கள் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் முற்றத்தில் நாங்கள் நூறு பேர் இருந்தோம். வரிசை லாரி வாசலைத் தாண்டி மதில் வரை போனது. உள்ளே பெல்ட் ஆளில்லாமல் ஓடி, பிறகு நின்றது. எங்கள் ஆட்களில் வயசான ஒருவர் அதைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். அவர் விசில் அடிப்பார் என்று யாருக்குமே தெரியாது.

பதினொன்றரை மணிக்கு மேனேஜர் முற்றத்துக்கு வந்தார். கையில் தாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததா, அவரே எழுதினாரா, தெரியாது. வரிசையின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். குழாய் கறுத்த கைகளைப் பார்ப்பதில்லை. இது நான்கு வருஷத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவித்தவரை நாங்கள் நம்பவில்லை. அண்ணியின் பெயரைச் சொல்லி, இவர் மீது சொன்னது பொய், இவர் சுத்தமானவர், மன்னிக்க வேண்டும் என்று முடித்தார். அண்ணி அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அந்தத் தாள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஏறியது. பட்டியலை டேப்பே கிழித்தாள். மிதிக்கும் குழாய்கள் ஆறு நாளில் வந்துவிட்டன. அண்ணி தேதியை எண்ணிக்கொண்டிருந்தார்.

குழாய் வந்த அன்று மேனேஜர் எல்லார் முன்னாலும், "இனிமே எந்தக் குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க" என்றார். பேச்சுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"சொல்லட்டுமா?" என்றார் அண்ணி.

"சொல்லுங்கம்மா."

"எழுதிக்கங்க. இங்க சூப்பர்வைசர் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் அந்தப் பழைய குழாய் முதல் தடவையே தண்ணி விட்டுச்சு. ஒருத்தருக்குக்கூடக் கைக்குட்டை தேவைப்படல. அது ஏன்?"

மேனேஜருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

"இதுக்கு என்ன செய்யணும்னு சொல்றீங்க?"

"எங்களைத் தூக்கி உக்காரவைக்க வேணாம். பரீட்சை வைங்க. எல்லாருக்கும் ஒரே பரீட்சை. தாள் மேல பேர் வேணாம், நம்பர் போதும். யார் எழுதினதுன்னு தெரியாம திருத்துங்க."

இரண்டு மாதம் கழித்து அப்படியே வைத்தார்கள். அறுபத்து மூன்று பேர் எழுதினோம், இடம் இரண்டு. சுவரில் ஒட்டிய முடிவைப் பார்க்க நான் முண்டியடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது இடம் கோகோ கலக்குகிறவருக்கு. எனக்கு மூன்றாவது. முதல் இடத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் அடுப்புப் பக்கம் வேலை செய்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். டேப் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அந்த ஃபாக்டரியின் முதல் கறுத்த சூப்பர்வைசர் இப்போது தினமும் காலையில் என் வரிசையின் தலைப்பில் வந்து நிற்கிறார். "இவளே, நேத்து எண்ணிக்கை எங்க?" என்று கேட்கிறார். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.